ஐம்பதுக்குப் பத்தொன்பது

மோதி பாக், புது டெல்லி
ஞாயிறு காலை

பெருமதிப்புக்குரிய அண்ணாச்சி ஜெயபால் அவர்களுக்கு, தங்களுக்குச் சம்பந்தியாகும் பாக்கியம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தெரியாத நிலையில் சிவஞானம் இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் என் மனைவி பூங்கோதையும் மகள் மதுமதியும் சுகம். துவாரகாவில் தாங்களும் மதினியும் தம்பி அபிஷேக்கும் சுகமாக இருக்க வேண்டும் என்று நேற்றுகூட மலை மந்திர் போய் முருகனிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். தங்களிடம் நேரடியாகக் கேட்கும் தைரியம்தான் இல்லை. எங்கள் கவர் தங்கள் கைக்குச் சேர்ந்துவிட்டது என்று வியாழக்கிழமை மதியம் ஸ்பீட் போஸ்ட்டிலிருந்து என் போனுக்குச் செய்தி வந்தது. அடுத்த பத்தாவது நிமிடம் தாங்கள் வாட்ஸாப்பில் அனுப்பிய மூன்று படங்களும் வந்தன. தாங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் மூன்று பக்கங்கள். மேலிருந்து கீழ் வரை சிவப்பு மை. கடைசிப் பக்கத்தின் அடியில், வட்டத்துக்குள், ஐம்பதுக்குப் பத்தொன்பது. படங்களுக்குக் கீழே தாங்கள் வேறொன்றும் எழுதாமல் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்குறியில் பிழை எதுவும் இல்லை அண்ணாச்சி.

தாங்கள் ஆங்கிலத்தில் எழுதியதற்கு நான் தமிழில் பதில் எழுதுவதைக் குறையாக நினைக்க வேண்டாம். பொதுத்துறை நிறுவனத்தில் டெண்டர் பிரிவைக் கட்டி ஆண்டவர் தாங்கள். நான் ஒரு அமைச்சகத்தில் முப்பத்து நாலு வருடமாக ஃபைல் தள்ளுகிறவன். இப்போது நான் ஆங்கிலத்தில் எழுதப்போய், தாங்களும் கோபத்தில் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டால் என் கதி என்ன? இன்னொரு காரணமும் உண்டு. மதுமதி இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள்தான், ஆனாலும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு பக்கத் தமிழைப் பார்த்தாலே “அப்பா, நீங்களே படிச்சுச் சொல்லிருங்க” என்று நகர்ந்துவிடுவாள். ஆகவே இந்தக் கடிதத்தில் உள்ளது நம் இருவருக்குள் இருக்கும்.

இந்தச் சம்பந்தம் எனக்கு எவ்வளவு பெரியது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். வரும் ஜனவரியோடு எனக்குச் சர்வீஸ் முடிகிறது. அப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று நானும் பூங்கோதையும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதற்குள் எங்கள் பிளாக் முன்னால் இருக்கும் பார்க்கில் ஷாமியானா பந்தல் போட்டு, ஒரே மகளின் கல்யாணத்தை நடத்திவிட வேண்டும் என்பது என் ஆசை. நம் பக்கத்துக் குடும்பம், திருச்செந்தூர் வழிபாடு, பையன் குருகிராமில் நல்ல வேலை, வெற்றிலைகூடப் போடாத வாய். இப்படி ஒரு இடம் மறுபடி அமையுமா? எனவே நடந்தது என்ன என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்கள் என்னைத் திட்டலாம், என் குடும்பத்தைத் திட்ட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மூல காரணம் மதுமதி எழுதும் மத்திய அரசுப் பரீட்சை. போன வருடம் இரண்டு மார்க்கில் போயிற்று. போனது ஆங்கிலத்தில். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதை நாலு துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்கள். நாலிலும் இல்லை என்றால் ‘நோ எர்ரர்’ என்று போட வேண்டும். பார்த்தால் சுலபமாக இருக்கும், போட்டால் மார்க் போகும். இந்த வருடம் முதல் கட்டம் பாஸாகிவிட்டாள். இரண்டாம் கட்டத்துக்காக, கடையில் இருப்பதிலேயே தடியான கைடு ஒன்றை வாங்கி, ஆயிரத்து இருநூறு வாக்கியத்தையும் இரண்டு முறை போட்டு முடித்துவிட்டாள். விடை சரிபார்ப்பது பூங்கோதையின் வேலை. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் இன்றைக்கும் சப்பாத்தி உருட்டிக்கொண்டிருக்கிறபோது போய் “நானூத்தி நாப்பது?” என்று கேட்டால், “சி” என்பாள். கேள்வி என்னவென்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

கைடு தீர்ந்துபோனதும், கண்ணில் படுகிற ஆங்கிலத்தை எல்லாம் திருத்திப் பழகு என்று கோச்சிங்கில் சொல்லிவிட்டார்கள். அங்கேதான் சனி பிடித்தது. முதலில் எங்கள் மாடிப்படியில் குடியிருப்போர் சங்கம் ஒட்டியிருந்த தண்ணீர் நோட்டீஸ். நாலு வரிக்கு ஆறு திருத்தம் போட்டாள். சங்கத்துச் செயலாளர் சிவந்த முகத்தோடு வந்து, “பேட்டி, யே கிஸ்னே கியா?” என்றார், மகளே, இதைச் செய்தது யார் என்று. நான் குலைநடுங்கிப் போய் நின்றேன். மதுமதி அவருக்கு டீ கொடுத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் விளக்கினாள். போகும்போது அவர் இனிமேல் நோட்டீஸ் எல்லாம் நீயே எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் பிளாக்கில் தண்ணீர் வராது என்கிற செய்தி பிழையில்லாத ஆங்கிலத்தில் ஒட்டப்படுகிறது. தண்ணீர் வழக்கம்போலத்தான் வருகிறது.

பிறகு நானும் கையைச் சும்மா வைத்திருக்கவில்லை. அலுவலகத்தில் குப்பைக்குப் போகும் பழைய சுற்றறிக்கைகள், கேன்டீன் அறிவிப்பு, யோகா தின அழைப்பு என்று ரகசியம் இல்லாததாகப் பார்த்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். அவளோடு உட்கார்ந்து நானும் போட்டேன். முப்பத்து நாலு வருடம் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியவன், என் பெண்ணோடு போட்டியிட்டு ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கினேன். ‘இவ்வாறு தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன்’ என்பதுதான் நான் எழுதும் எல்லாக் கடிதத்துக்கும் தொடக்கம். “யாருப்பா உங்களைப் பணிச்சாங்க?” என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் நான் அதை யோசித்ததே இல்லை. இது உள்ளுக்குள் இருந்து அரிக்க ஆரம்பித்ததன் விளைவு, ஒரு நாள் அண்டர் செக்ரட்டரி அனுப்பிய வரைவு ஒன்றை, ஃபைல் என்பதை மறந்து, பையிலிருந்த சிவப்புப் பேனாவால் திருத்தி ஓரத்தில் பத்துக்கு ஐந்து போட்டுவிட்டேன். அண்ணாச்சிக்குத் தெரியாததில்லை, எங்கள் இடத்தில் சிவப்பு மை, பச்சை மை எல்லாம் பெரிய அதிகாரிகள் மட்டும் தொடுகிற மை. எங்களைப் போன்றவர்களுக்கு நீலம், கறுப்பு. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மெமோவில் மூன்று பிழை. நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் மூன்று பிளாஸ்டிக் தட்டுகள் இருக்கின்றன. சரோஜினி நகரில் வாங்கியவை. முதல் தட்டு வந்த காகிதங்களுக்கு, நடுத்தட்டு மதுமதி திருத்திப் பழகும் காகிதங்களுக்கு, மூன்றாவது தட்டு வெளியே போக வேண்டியவற்றுக்கு. மூன்றாவது தட்டில் என்ன இருந்தாலும் பூங்கோதை மத்தியானத்துக்குள் கவரில் போட்டு, ஒட்டி, போஸ்ட் ஆபீசில் சேர்த்துவிடுவாள். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். ஒரு தடவை மின்சாரப் பில் மூன்று மாதம் சமையல் மேடையில் கிடந்து இருட்டில் உட்கார்ந்ததிலிருந்து இந்த ஏற்பாடு.

தாங்கள் போனில் “எதா இருந்தாலும் எழுத்துல இருக்கணும் சிவஞானம், நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க” என்று சொன்னபடி, ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டு அனுப்பிய கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. என் போன்றவனுக்கு அதைப் பார்த்ததும் கண் குளிர்ந்துவிட்டது. கல்யாணக் கடிதத்தைப் பாரா பாராவாக எண் போட்டு எழுத டெல்லியில் தங்களை விட்டால் ஆள் கிடையாது. மூன்றாவது பாராவில் நிச்சயதார்த்தம் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி என்று எழுதியிருந்தீர்கள். மதுமதியின் பரீட்சையும் அன்றைக்குத்தான். இது தங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, நான் சொல்லவில்லை. ஏழாவது பாராவில் திருமணத்துக்குப் பின் பெண் எந்தப் பரீட்சையும் எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு பதினெட்டாம் தேதியைப் பற்றிச் சொல்வதில் அர்த்தமும் இல்லை என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே போனில் எல்லாப் பாராவுக்கும் சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்று ஒன்பது தடவை சொன்னேன். மதுமதியிடம், நல்ல மனுஷர்கள் அம்மா, கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்றேன். கடிதத்தைக் காட்டவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைக்கலாம் என்று கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து போன். பேசிக்கொண்டே எந்தத் தட்டில் வைத்தேன் என்று நினைவில்லை, நடுத்தட்டில் வைத்திருக்க வேண்டும். மதுமதி கோச்சிங் முடிந்து மெட்ரோவில் வந்து இறங்கி, தண்ணீரைக் குடித்துவிட்டு, போனில் அரை மணி நேரத்துக்குக் கடிகாரத்தை ஓடவிட்டு, நடுத்தட்டில் இருப்பதை எடுத்து உட்கார்ந்துவிடுவாள். யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று பார்க்க மாட்டாள். வாக்கியம், பிழை, அடுத்த வாக்கியம். அதுதான் அவளுடைய வேகம். தங்கள் கடிதத்தில் சரியாக ஐம்பது வாக்கியங்கள் இருந்தது எங்கள் கெட்ட நேரம். நாற்பத்தொன்பது இருந்திருந்தால்கூட, கணக்கு இடிக்கிறதே என்று ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்திருப்பாள். இதில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. பிழைக்குப் பிழை கழித்து எல்லோருக்கும் போடுகிற நெகட்டிவ் மார்க்கைத் தங்களுக்கு அவள் போடவில்லை. போட்டிருந்தால் பத்தொன்பது என்னத்துக்கு ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திருத்திய கடிதம் நடுத்தட்டிலிருந்து மூன்றாவது தட்டுக்கு எப்படிப் போனது என்பதுதான் கேள்வி. அங்கே தாங்கள் கேட்ட ஜாதக நகலும் போட்டோவும் விலாசம் எழுதிய கவரோடு காத்திருந்தன. பூங்கோதையைக் கேட்டேன்.

“வெளிய போற தட்டுல இருந்துச்சு, போட்டேன். கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நானா, நீங்களா?”

“மேல செவப்பா இருந்துச்சே, பாக்கலையா?”

“சம்பந்தி வீட்டுக்குப் போற காயிதம், குங்குமம் கிங்குமம் வச்சிருக்கியளோன்னு நெனச்சேன்.”

என் முடிவு, கூலர் காற்று. இந்த வெயிலுக்கு எங்கள் கூலரை முழு வேகத்தில் வைத்தால் காலண்டர் சுவரைவிட்டுக் கிளம்பும். தாங்கள் டெண்டர் ஆய்வு செய்தவர், நம்ப மாட்டீர்கள் என்று நானே சோதனை செய்து பார்த்தேன். மூன்று தாளை ஸ்டேபிள் செய்து நடுத்தட்டில் வைத்துக் கூலரைப் போட்டேன். நாலு விரற்கடை நகர்ந்தது. மூன்றாவது தட்டுக்கு ஒரு முழம் தூரம் இருக்கிறது. ஆகவே மீதித் தூரத்துக்குப் பூனையைச் சந்தேகிக்கிறேன். எதிர் பிளாக்குப் பூனை பால்கனி வழியாக வந்து ஃப்ரிட்ஜ் மேல்தான் படுக்கும்.

செய்த பிழைக்குப் பரிகாரமாக, தங்கள் கடிதத்தை மறு மதிப்பீடு செய்ய ஏற்பாடு செய்தேன். கோல் மார்க்கெட் பக்கம் பாலசுப்ரமணியம் சார் என்று ஒருவர், நாற்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவர். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, தங்கள் பெயரையும் விலாசத்தையும் மறைத்து, மூன்று படங்களையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். பிழை என்று மதுமதி போட்டது முப்பத்தொன்று. அதில் முப்பதுக்குச் சரியான வடிவத்தை மேலே எழுதியிருந்தாள். ஒன்றுக்கு மட்டும் எழுதவில்லை. ஏழாவது பாராவில் இருக்கும் அந்த ஒற்றை வாக்கியத்தைச் சுற்றி, பேனா அழுந்த, ஒரு வட்டம் போட்டு அப்படியே விட்டிருந்தாள். என்ன பிழை என்று எனக்கும் பிடிபடவில்லை. சார் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். இரண்டு புத்தகத்தைப் புரட்டினார். ஒரு காபியும் ஆயிற்று.

“சிவஞானம், இதுல ஒரு தப்பும் இல்ல. சொல்லப்போனா இந்த மூணு பக்கத்துலயும் நல்லா எழுதின வாக்கியம் இதுதான். யார் எழுதினது?”

“தெரிஞ்சவங்க சார்.”

“மத்த முப்பதும் உம்ம பொண்ணு போட்டது கரெக்ட். ஒண்ணைக்கூட மாத்த முடியாது. பொண்ணு பாஸாயிடும்யா, பயப்படாதீர்.”

அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியவில்லை. தங்களுக்கு ஒரு மார்க் கூடியது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். எனவே தங்கள் மதிப்பெண் இன்று முதல் ஐம்பதுக்கு இருபது என்று திருத்தப்படுகிறது. ஏழாவது பாராவில் வட்டம் போட்டது என் பெண்ணின் அறியாமை. அவசரத்தில் பேனா வழுக்கியிருக்கலாம். அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற முப்பதும் பிழைகள்தான் என்றாலும், அவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணாச்சி மனது ஆற வேண்டும் என்பதற்காக இன்னொன்றும் எழுதுகிறேன். வீட்டிலிருந்த சிவப்புப் பேனாக்கள் ஐந்தையும் பொறுக்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டேன். நடுத்தட்டை எடுத்து அதில் பூங்கோதை வெங்காயம் வைத்துவிட்டாள். பரீட்சை, கோச்சிங் என்கிற பேச்சே இனி இந்த வீட்டில் இராது. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாப் பாராவுக்கும் எனக்கும் என் குடும்பத்துக்கும் பூரண சம்மதம். பதினெட்டாம் தேதி காலையில் நாங்கள் தட்டோடு தயாராக இருப்போம். அந்தத் தட்டு, பழத்தட்டு.

தங்கள் இல்லத்தில் அனைவருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். அபிஷேக் தம்பிக்கு எங்கள் ஆசி. செந்திலாண்டவன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், என்னை மன்னிக்கும் மனதையும், அதற்குள்ளாக என் போன் அழைப்பை எடுக்கும் எண்ணத்தையும் தர வேண்டும் என்று வேண்டி நிற்கும்,

தங்கள் அடியேன்
சிவஞானம்

பி.கு.: மேலே உள்ள எட்டுப் பக்கத்தையும் முடித்து, மூன்றாவது தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மதுமதி தரையில் உட்கார்ந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டி, முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கப் போனேன். பூங்கோதை என் கையைப் பிடித்துக்கொண்டு “படிக்கட்டும், விடுங்க” என்றாள். எட்டுப் பக்கம் படித்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கூலர் சோதனை வந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

“அப்பா, காத்தும் இல்ல, பூனையும் இல்ல. நான்தான் வெச்சேன்.”

“எதை?”

“உங்க அண்ணாச்சி லெட்டரை. வெளியே போற ட்ரேல.”

“அவங்க எழுதினதுன்னு தெரியாமதானே?”

“மொத லைன்லயே தெரிஞ்சுது. மேல அவர் பேரு இவ்ளோ பெருசா அடிச்சிருக்கே. பெரியவரு, பாவம்னுதான் நெகட்டிவ் மார்க் போடலை.”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “சரி, ஏழாவது பாராவுல என்னத்தம்மா தப்பு? அதைச் சொல்லு. பாலசுப்ரமணியம் சாரே தேடிப் பாத்துட்டாரு.”

“கிராமர் பில்குல் டீக் ஹை பா, அதுல ஒரு தப்பும் இல்ல. அதான் வட்டம் மட்டும் போட்டேன். முப்பதை நான் திருத்திட்டேன். அதைத் திருத்த வேண்டியது நான் இல்ல, நீங்க.”

சமையலறையிலிருந்து பூங்கோதை, “பதினெட்டாந்தேதி பிள்ளைக்குப் பரீட்சைன்னு அவுகள்ட்ட ஒரு வார்த்தை சொன்னியளா, இல்லையா?” என்றாள். நான் சொல்லவில்லை என்பதை நான் மேலே எட்டாம் பாராவிலோ ஒன்பதாம் பாராவிலோ எழுதியே இருக்கிறேன், அதையும் அவள் பெண்தான் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது அண்ணாச்சி. ஒன்பது தடவை சரி என்று சொன்ன வாய், ஒரு தடவை என் பெண்ணிடம் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன். கை வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு குறிப்பை எழுதிவிட்டால் அந்தத் தாளைக் கிழிக்கக் கூடாது. மனம் மாறினால் கீழே அடுத்த குறிப்பை எழுத வேண்டும், கடைசிக் குறிப்புத்தான் செல்லும். எனவே மேலே உள்ள எல்லாவற்றுக்கும் இதுதான் கடைசிக் குறிப்பு.

அரிசி டிரம்மிலிருந்து ஒரு பேனாவைத் தோண்டி எடுத்திருக்கிறேன். ஆகவே இங்கிருந்து சிவப்பு மை, தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது பாராவில் பதினெட்டாம் தேதி என்பதை அடித்துவிட்டு, பதினெட்டுக்குப் பிறகு தங்களுக்குத் தோதான எந்த நல்ல நாளும் என்று வாசிக்கவும். ஏழாவது பாராவை இப்படி வாசிக்கவும்: கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் மதுமதி எத்தனை பரீட்சை எழுத விரும்புகிறாளோ அத்தனையும் எழுதுவாள், வேலை கிடைத்தால் போவாள். அபிஷேக் தம்பியின் எண்ணத்தையும் கேட்டுத் தெரிவிக்கவும். தங்கள் கடிதத்தில் அவர் பெயர் ஒரே இடத்தில், ஐந்தாவது பாராவில் காரோடு சேர்ந்துதான் வருகிறது. இது தங்களுக்குச் சம்மதமானால் நான் தங்கள் சம்பந்தி. இல்லாவிட்டாலும் தங்கள்மேல் எனக்கு மரியாதை குறையாது. ஜாதகத்தையும் போட்டோவையும் மட்டும் திருப்பி அனுப்பினால் போதும், விலாசம் எழுதிய கவர் உள்ளே வைத்திருக்கிறேன்.

முப்பது திருத்தங்களுக்கு நான் கேட்ட மன்னிப்பு அப்படியே நிற்கிறது. ஏழாவது பாராவின் வட்டத்துக்குக் கேட்டதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதற்காகக் கூட்டிக் கொடுத்த அந்த ஒரு மார்க்கும் இத்துடன் ரத்தாகிறது. தங்களுக்குப் பத்தொன்பதுதான் அண்ணாச்சி.